ஒப்பந்த நூகுவும் போகிற படகுகளும்

காரைக்காலில் நூகு என்ற பெயருக்குப் பஞ்சமில்லை. பிரளயத்தில் மரக்கலம் செலுத்திய நபியின் பெயர் அது. கடலை நம்பிப் பிழைக்கிற ஊர் அதை விட்டுவிடுமா? ஆகவே அடையாளத்துக்காக ஒவ்வொரு நூகுவுக்கும் முன்னால் ஏதாவது ஒட்டவைப்பார்கள். அரிசிக்கடை நூகு, கப்பல் நூகு, சாய்ந்த மாடி வீட்டு நூகு. நம்முடையவர் ஒப்பந்த நூகு.

சித்திரை பிறந்தால் அவருக்கு வேலை போய்விடும். ஆடியில் திரும்பக் கிடைக்கும். கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டும். இடைப்பட்ட நாட்களில் கடைத்தெருவில் அவரைப் பார்க்கிறவர்கள் துக்கம் விசாரிக்கிற குரலில் பேசுவார்கள். வேலை கிடைத்ததும் பிள்ளை பிறந்த வீட்டுக்காரரைப் பார்ப்பதுபோல் சிரிப்பார்கள். ஆண்டுதோறும் செத்துப் பிழைக்கிற இந்த வசதி நிரந்தர உத்தியோகஸ்தர்களுக்குக் கிடையாது.

அவர் கற்றுக்கொடுத்தது கணிதமும் புள்ளியியலும். பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போனதும், எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்று காரைக்காலில் பட்டப்படிப்பு வகுப்பு ஒன்றைத் தொடங்கியது. சுங்கம் எடுபட்டுக் காலியாகக் கிடந்த சரக்குக் கிட்டங்கி ஒன்றுக்கு வெள்ளையடித்தார்கள். மூலையில் மிளகு நெடி மட்டும் போகவில்லை. முக்கோணங்களும் வட்டங்களும் அந்த நெடியில்தான் வரையப்பட்டன. புள்ளியியலுக்கென்று தனியாக ஒருவர் வந்தார். ஊர்க் கொசுவோடு ஓரிரவு தங்கினார். மறுநாள் பேரளம் போகும் ரயிலில் ஏறினார். அன்றிலிருந்து அந்தப் பாடமும் நூகு தலையில் விழுந்தது.

நூகு படித்தது சைகோனில். சிறுவயதில் சிற்றப்பாவின் ஜவுளிக்கடையோடு போனவர், ஜவுளியைத் தொடாமல் கணிதத்தைத் தொட்டு, பிரெஞ்சு மொழியில் முத்திரை குத்திய பட்டத்தோடு ஊர் திரும்பினார். அது எந்தப் பட்டத்துக்குச் சமம் என்பது பரிசீலனையில் இருப்பதாக அரசாங்கம் சொன்னது. கரும்பலகையில் அவர் போட்ட சமக் குறிகளை வரிசையாக வைத்தால் நாகப்பட்டினம் வரை போகும். அவருக்காக ஒரே ஒரு சமக் குறி போட அரசாங்கத்துக்குக் கை வரவில்லை. அது வரும்வரை ஒப்பந்தம்.

ஊர் வழக்கப்படி அவர் இருந்தது மாமனார் வீட்டில். மாமனார் சேக் அலாவுதீன் மரைக்கார் மரியாதை தவறாதவர். தினமும் காலைப் பசியாறும்போது, இடியப்பத்தைத் தட்டில் வைத்துவிட்டு, ஒரே கேள்வியைக் கேட்பார்.

"மாப்புள, நிரந்தரம் ஆயிடுச்சுங்களா?"

"இன்னும் இல்லிங்க மாமா."

"ஒண்ணும் அவசரமில்ல. சைகோன்ல என் தம்பிக்குக் கடையில ஆள் வேணுமாம். கப்பல்ல எடம் சொல்லி வச்சிருக்கேன். சும்மா சொல்லி வச்சேன். ஆணம் ஊத்திக்குங்க."

அந்தச் 'சும்மா'வுக்குப் பின்னால் கப்பலின் ஊதல் நூகுவுக்குக் கேட்கும். மனைவி மஹ்பூபா வாசற்படி தாண்டாதவள். சைகோனுக்கு அவள் வரமாட்டாள். வர அவளை யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஒப்பந்தம் போனால் அவர் கடலுக்கு அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். மஹ்பூபா இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கப்பல் பேச்சு எழும்போதெல்லாம் அடுப்படியில் பாத்திரம் விழும். அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஆடிக்காகக் காத்திருக்க விடவில்லை. மாசி மாதமே பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் தெட்சிணாமூர்த்தி நேரில் வருவதாகவும், யாருடைய ஒப்பந்தம் நீளும், யாருடையது முடியும் என்பதை அவரே சொல்வார் என்றும் செய்தி வந்தது. பேராசிரியருக்குப் புள்ளியியலில் ஒரு கொள்கை உண்டு. அது புத்தகத்தில் இல்லை, வயலிலும் கரையிலும் கிடக்கிறது, போய்ப் பொறுக்கிக்கொண்டு வரவேண்டும் என்பார். அவர் போய்ப் பொறுக்கியதாகத் தகவல் இல்லை.

நூகு முன்யோசனைக்காரர். ஐப்பசியிலேயே மாணவர்களைக் காரைக்கால்மேட்டுக்கு அனுப்பியிருந்தார். தினமும் விடியலில் கடற்கரையில் நிற்பது, தொழிலுக்குப் போகிற படகுகளையும் கட்டுமரங்களையும் எண்ணுவது, எழுதி வருவது. இதுதான் செய்முறைப் பயிற்சி. மாணவர்கள் தலையாட்டினார்கள். ஐப்பசி முடிந்து கார்த்திகையும் முடிந்தபோது கணக்கோடு வந்தார்கள்.

அதைப் படமாக வரைந்து பார்த்த நூகு பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நடுவில் உயர்ந்து, இரண்டு பக்கமும் ஒரே சீராகச் சரிந்து, கோயில் மணியைக் கவிழ்த்து வைத்ததுபோல் ஒரு வளைவு. சைகோனில் அவருடைய பேராசிரியர்கள் வாயால் மட்டும் சொன்ன மணி வளைவு, காரைக்கால்மேட்டு மணலில் அச்சு அசலாகக் கிடைத்திருக்கிறது. கல்லூரி முதல்வர் சிவசுப்பிரமணியன் அதன் கீழே 'கடல்' என்று எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு, வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி வாசலிலேயே மாட்டினார்.

பேராசிரியர் வருவதற்கு முந்தின நாள் நூகு அந்தப் படத்தின் முன்னால் நின்று ரசித்துக்கொண்டிருந்தார். ரசனை நீண்டு ஆராய்ச்சியானது. ஐப்பசி அடைமழை நினைவுக்கு வந்தது. கடல் தெருவுக்குள் ஏறி, காக்கைகூடக் கூட்டை விட்டுக் கிளம்பாத அந்த மூன்று நாளும் மாணவர்கள் எழுதிய கணக்கில் இருந்தன. அந்த நாட்களிலும் படகுகள் போயிருந்தன. சுமாராக அல்ல, சராசரிக்கு மேலேயே போயிருந்தன.

மாணவர் தலைவன் நெய்னா முகம்மதுவைக் கூப்பிட்டார். படகு வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை. பிரெஞ்சுக்காரர்கள் போனபிறகும் ஊரைவிட்டுப் போகாத 'முசியே'வை வாத்தியார்களுக்கு வைத்துக் கூப்பிடுகிறவன்.

"நெய்னா, புயல் அன்னைக்கு எந்தப் படகு போச்சு?"

நெய்னா படத்தைப் பார்த்தான். தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான்.

"போவலிங்க முசியே."

"மத்த நாளு?"

"போயிருக்கும்ங்க. நாங்க எண்ணலிங்க. போற படகை எப்புடிங்க முசியே எண்றது? எண்ணுனா திரும்பி வர்றதுல ஒண்ணு கொறையும்னு சொல்லுவாங்க. எங்க வாப்பா படகும் அதுல போவுதுங்க."

"அப்ப இந்தக் கணக்கு?"

"டீக்கடையில குந்தி எழுதுனதுங்க. முசியே மணி மாதிரி வரும்னு சொல்லிட்டீங்க. வரலிங்க. ஒரு பக்கம் தூக்கிக்கிச்சு. அடிச்சு அடிச்சு எழுதுனோம். ரொம்பப் பாடுபட்டோம்ங்க."

நூகுவால் அவனைத் திட்ட முடியவில்லை. அந்தப் பையன்கள் மணி வளைவைத் தலைகீழாகக் கற்றிருந்தார்கள். எந்த எண்ணை எங்கே வைத்தால் எந்தப் பக்கம் சரியும் என்று அவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட நேர்வழியில் படித்த எவனுக்கும் தெரிந்திராது. அதுதான் வயிற்றெரிச்சல்.

அதைவிட எரிச்சல் தன்மேல். அவருடைய உம்மா பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடும்போது பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள், தலையை எண்ணமாட்டாள். அந்த நினைவு சைகோனில் எங்கோ கரைந்துபோயிருந்தது.

படத்தைக் கழற்றிவிடலாமா என்று முதல்வரிடம் போனார். முதல்வர் சட்டத்துக்கு மாலை போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். நூகு திரும்பிவிட்டார்.

பேராசிரியர் தெட்சிணாமூர்த்தி வந்தார். குடை, விபூதி, தங்க விளிம்புக் கண்ணாடி. வாசலில் படத்தைப் பார்த்தவர் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"யார் இதுக்குப் பொறுப்பு?"

கொலைக்குச் சாட்சி கேட்பதுபோல் இருந்தது நூகுவுக்கு. "நான்தாங்க."

"கடல் பொய் சொல்லாதுங்கறது இதான். நீங்க இங்க இருக்கவேண்டிய ஆள்."

நூகு உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். வாய்க்குள் சைகோன் வந்து உட்கார்ந்துகொண்டது. மூடிக்கொண்டார்.

மதியச் சாப்பாடு மாமனார் வீட்டில். நெற்றியில் விபூதி இருந்தாலும் பேராசிரியருக்கு மீன் ஆகும். கொடுவா மீனைப் பார்த்தபோது அவர் முகத்தில் மணி வளைவைப் பார்த்தபோது வந்த அதே களை வந்தது. மஹ்பூபா கதவுக்குப் பின்னாலிருந்து தட்டுகளை அனுப்பினாள். சேக் அலாவுதீன் பக்கத்தில் உட்கார்ந்து உபசாரம் பேசினார்.

"ஐயாவுக்குப் புள்ளைங்க எத்தனைங்க?"

பேராசிரியரின் கை சோற்றில் நின்றது. "ஏதோ, பகவான் குடுத்தது இருக்குங்க."

"மாஷா அல்லாஹ்," என்றார் சேக் அலாவுதீன். மேற்கொண்டு கேட்கவில்லை. வற்புறுத்திக் கேட்கிற ஊரில்லை அது.

கை கழுவிக்கொண்டே பேராசிரியர் சொன்னார்: "மிஸ்டர் நூகு, நாளைக்கு விடியக்காலம் நாமளே காரைக்கால்மேட்டுக்குப் போயிடுவோம். நானே எண்ணி ஒரு புள்ளி வைக்கிறேன். அந்தப் புள்ளி உங்க வளைவுல எங்க போய் உக்காருதுன்னு பார்க்கணும். அதோட அறிக்கைய முடிச்சிடறேன்."

கதவுக்குப் பின்னால் பாத்திரம் விழுந்தது.

நூகு தன்னால் ஆனதைச் செய்தார். பனி அதிகம் என்றார். பேராசிரியர் மப்ளர் இருப்பதாகச் சொன்னார். மணலில் நடப்பது சிரமம் என்றார். சிரமம் இல்லாமல் விஞ்ஞானம் ஏது என்றார் பேராசிரியர். மீன்வாடை என்றார். அதற்குப் பேராசிரியர் சிரித்தார்.

விடியலில் கரை பரபரப்பாக இருந்தது. கிழக்கு இன்னும் சாம்பல் நிறம். பாய் மடித்த படகுகளை மணலிலிருந்து அலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசை தண்ணீரைத் தொட்டுவிட்டது. பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். போகிறவர்களை யாரும் எங்கே என்று கேட்கவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நூகு தன்னைத் தேற்றிக்கொண்டார். ஒருவேளை பேராசிரியர் மனத்துக்குள் எண்ணிக்கொள்வார். மனத்துக்குள் எண்ணினால் யாருக்குத் தெரியப்போகிறது?

பேராசிரியர் தெட்சிணாமூர்த்தி மனத்துக்குள் எண்ணுகிற ஆள் இல்லை. நாற்பது வருஷம் கடைசிப் பெஞ்சுக்குக் கேட்கும்படி பேசிய தொண்டை அது. குடையை நீட்டி முதல் படகைச் சுட்டினார்.

"ஒன்று."

அலைச் சத்தத்துக்கு மேலே அது கணீரென்று கேட்டது. தள்ளிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"இரண்டு."

படகுகள் நின்றன. தண்ணீரில் இறங்கிய படகைக்கூடப் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள். நீலமேகம் என்கிற பெரிய மீனவர் துடுப்பைத் தோளில் வைத்தபடி மணலேறி வந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். குடையைப் பார்த்தார், குடைக்காரரைப் பார்த்தார், கடைசியில் நூகுவைப் பார்த்தார்.

"மரைக்கார் வூட்டு மாப்புளைதானே? என்ன இது?"

"படிப்பு விஷயமா..."

"படிப்புன்னா பள்ளிக்கூடத்துல படிங்க. எங்க வயித்துல ஏன் படிக்கிறீங்க? ரெண்டு வரைக்கும் எண்ணியாச்சு. அந்த ரெண்டு படகுக்காரன் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது? இன்னைக்கு எவனும் போவமாட்டான். காத்து நல்லாருக்கு. போவமாட்டான்."

பேராசிரியருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் புரியாமல் இருந்து பழகாதவர். "இது வெறும் எண்ணிக்கைதானப்பா. எண்ணினா என்ன ஆகும்? மூடநம்பிக்கை. மிஸ்டர் நூகு, இவங்ககிட்டச் சொல்லுங்க. ரெண்டு மாசமா உங்க பசங்க தினம் எண்ணினாங்களே." குடையை மறுபடி உயர்த்தினார். "மூன்..."

நூகு அந்தக் குடையைப் பிடித்துத் தாழ்த்தினார்.

கரையிலிருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள். ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருப்பவரின் குடையை ஒப்பந்தக்காரர் பிடித்துக் கீழே இறக்கினார். பேராசிரியரின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. நூகுவின் கை குடையை விடவில்லை.

"ஐயா, என் மாணவர்கள் எண்ணலிங்க. ஒரு நாள்கூட எண்ணலிங்க. அந்த வளைவு டீக்கடையில செஞ்சது. நான் நேத்தே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

"என்ன சொல்றீர்?"

"இன்னொண்ணும் சொல்லிடறேங்க. நேத்துச் சாப்பிடறப்ப எங்க மாமா உங்களுக்குப் புள்ளைங்க எத்தனைன்னு கேட்டாங்க. நீங்க எண்ணிச் சொல்லலிங்க."

பேராசிரியர் வாயைத் திறந்தார். அதில் அவருடைய ஊர் வந்து உட்கார்ந்துகொண்டதோ என்னவோ, மூடிக்கொண்டார். குடையின் கைப்பிடியிலிருந்து அவர் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. நீலமேகத்தின் பக்கம் திரும்பினார். காற்று நேரம் வீணாவதைப்பற்றி முணுமுணுத்தது.

"நான் சொன்னத," என்றார் பேராசிரியர், "அழிக்கிறதுக்கு வழி உண்டாப்பா?"

நீலமேகம் யோசித்தார். "இருக்கு. திரும்பி வர்ற வரைக்கும் இங்கயே இருங்க. வர்றத எண்ணுங்க, அது ஒண்ணும் பண்ணாது. மொதப் படகுக்கு ஒண்ணுன்னு வாய் வைக்காதீங்க. லாபம்னு சொல்லுங்க. நெல்லு அளக்கறவன் சொல்லுவான்ல, லாபம், ரெண்டு, மூணுன்னு. அப்புடி."

படகுகள் போயின. பேராசிரியர் முதுகைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கண் பட்டால் வாய் எண்ணிவிடும் என்று அவருக்கே பயம்.

வெயில் ஏறியது. குடை விரிந்தது. அதன் நிழலில் பேராசிரியரும், நிழலுக்கு வெளியே நூகுவும். நூகு மனத்துக்குள் சைகோன் கடையில் துணி மடிக்கப் பழகிக்கொண்டிருந்தார். உச்சிக்கு முன்னால் முதல் பாய் தெரிந்தது. ஏலத்துக்குக் கூடைகளோடு பெண்கள் தண்ணீருக்கு ஓடினார்கள். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரை ஏறின. கூச்சலில், மீனில், பேராசிரியர் எண்ணவேண்டியதை மறந்து எழுந்து நின்றுகொண்டிருந்தார். திடீரென்று கூச்சல் அடங்கியது. பெண்கள் மறுபடி கடலைப் பார்த்தார்கள்.

ஏலக்காரி சொர்ணாம்பாளிடம் பேராசிரியர் கேட்டார்: "இன்னும் வரணுமாம்மா?"

"வரணும்ங்க."

"எத்தனை?"

சொர்ணாம்பாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "ராமலிங்கம் வரணும்."

எத்தனை போனது என்று தெரியாதவருக்கு, எல்லாம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியைப் பேராசிரியர் பரீட்சைத் தாளில் பலருக்கும் கொடுத்திருப்பார். இப்போது கைகளைப் பிசைந்துகொண்டு, பெயர் மட்டும் தெரிந்த ஒருவனுக்காக மணலில் நின்றார். ராமலிங்கத்தின் படகு, காலையில் குடை சுட்டிய இரண்டில் ஒன்று. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. நூகுவுக்குத் தெரியும். நூகுவும் சொல்லவில்லை.

கீழைக் கடலில் ஒரு கீற்று தெரிந்தது. அது பாய்தானா, அலையின் வெண்மையா என்று நெடுநேரம் யாராலும் சொல்ல முடியவில்லை. பிறகு சொர்ணாம்பாள் கூடையைத் தலையில் எடுத்து வைத்தாள்.

"லாபம்," என்றார் பேராசிரியர். கடைசிப் பெஞ்சுக்குக் கேட்காத குரலில்.

சொர்ணாம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயா, அது மொதப் படகுக்குங்க. இது கடைசி."

"எனக்கு இதாம்மா மொதல்."

மீன்வண்டிக்குப் பின்னால் நடந்து ஊருக்குத் திரும்பினார்கள். கிட்டங்கி வாசலில் பேராசிரியர் மறுபடி படத்தின் முன்னால் நின்றார். கழற்றச் சொல்வார் என்று நூகு கையை நீட்டினார்.

"இருக்கட்டும். இதைவிடச் சுத்தமான வளைவு எந்தப் புத்தகத்துலயும் இல்ல. கீழ 'கடல்'னு எழுதியிருக்கறத மட்டும் அழிச்சிடுங்க."

நூகுவின் ஒப்பந்தத்தைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டார்.

அடுத்த சில வாரங்கள் மாமனார் கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தார். அது கேட்பதைவிட மோசம். தகரப் பெட்டி ஒன்றுக்குப் புதிதாக வர்ணம் பூசி, வர்ணம் காயட்டும் என்று நடையில் வைத்திருந்தார். சும்மாதான் வைத்திருப்பதாகச் சொன்னார். நூகு போகும்போதும் வரும்போதும் அதில் இடித்துக்கொண்டார். மஹ்பூபா அதன்மேல் வடகம் காயப்போட்டாள்.

சித்திரை பிறந்தது. வழக்கம்போல் வேலை போகவேண்டிய நாளில் முதல்வர் சிவசுப்பிரமணியன் கூப்பிட்டனுப்பினார். பேராசிரியரின் அறிக்கை வந்திருந்தது. இவர் எண்ணத் தெரிந்தவர், எங்கே எண்ணக்கூடாது என்பதும் தெரிந்தவர், பின்னது கிடைப்பது அரிது என்று அதில் கண்டிருந்ததாம். பட்டத்தின் சமக் குறி இன்னும் பரிசீலனையில் இருப்பதால் நிரந்தரம் இல்லை. ஆனால் ஒப்பந்தம் இனி ஆண்டுதோறும் முறியாது. மறு உத்தரவு வரும்வரை ஓடும்.

நூகு வீட்டுக்கு வந்து சொன்னார். சேக் அலாவுதீன் நிதானமாகக் கேட்டார். வியாபாரி அவர், கெடு தெரியாமல் எதையும் ஏற்கமாட்டார்.

"மறு உத்தரவுன்னா, எத்தனை வருசத்துக்கு மாப்புள?"

"போறத எண்ணக்கூடாது மாமா. வந்து சேந்தப்புறம் எண்ணிக்கலாம்."

சேக் அலாவுதீன் மருமகனை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்துபோய் நடையிலிருந்த பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே மஹ்பூபா அரிசியைக் கொட்டி நிரப்பியிருந்தாள்.

"இதை எப்பம்மா போட்ட?"

"வர்ணம் காஞ்ச அன்னைக்கே போட்டுட்டேன் வாப்பா," என்றாள் மஹ்பூபா அடுப்படியிலிருந்து. அன்று பாத்திரம் எதுவும் விழவில்லை.